மைக் அக்கா விட்ட ஏலம்

மைக் அக்காவுக்கு நகராட்சியில் வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய தொண்டை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதற்கு முன்பு பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எங்கே போகிறது, வழியில் எங்கெல்லாம் நிற்கும், சன்னல் ஓரம் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் மூச்சு விடாமல் கத்துவாள். கழிவறைக்குள் இருப்பவர்கூடப் பாதியில் எழுந்து ஓடி வருவார். பிறகு நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டி, அதில் யாரோ ஒரு பெண்ணின் குரலைப் பதிவு செய்து போட்டார்கள். "அவளுக்குத் தொண்டை கட்டாது, லீவும் கேக்க மாட்டா. அவகூட நான் எப்படிப் போட்டி போடறது?" என்று சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் புருஷன் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நகராட்சியில் அப்போது புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். வீடு இல்லாதவர்கள் பூங்காவிலும் பாலத்தடியிலும் நடைபாதையிலும் கூடாரம் போட்டுக் குடியிருக்கிறார்கள் அல்லவா? அந்தச் சாமான்களை அள்ளிக்கொண்டு போகிற பிரிவு. ஒரு லாரி, ஒரு டிரைவர், தூக்கிப் போட நாலைந்து பேர். ஏற்கெனவே ஒருமுறை கேட்காமல் கொள்ளாமல் அள்ளிப் போய், விவகாரம் கோர்ட் வரை போய் நகராட்சி மூக்கறுபட்டிருந்தது. அதனால் ஒரு விதி வைத்தார்கள். எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்பும், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி மூன்று முறை "யாருடையது?" என்று கேட்க வேண்டும். "என்னுடையது" என்று யாராவது சொன்னால் தொடக்கூடாது. ஆனால் சொன்னவர் ஒரு மணி நேரத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அது ஆளில்லாத சாமான். லாரியில் ஏற்றிக் குடோனுக்குக் கொண்டு போகலாம்.

இப்படி விதி வந்த பிறகு, நல்ல குரல் உள்ள ஆள் தேவைப்பட்டது. அவளுக்குக் கையில் பிடித்துப் பேசும் மைக் ஒன்றையும் கொடுத்தார்கள். அது கரகரவென்று இருமியதே தவிரப் பேசவில்லை. அதை லாரி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து மைக் அக்கா.

"யாருது இது? ஒரு தரம்! யாருது இது? ரெண்டு தரம்! யாருது இது? மூணு தரம்!"

"தரம்" என்று சொல்லச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. டிரைவர் தம்பிக்கு முதல் நாள் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, யாரும் கேக்க வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு விடற ஏலம் உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றான். அதன் பிறகு பிரிவிலேயே அந்த வேலைக்கு ஏலம் என்றுதான் பெயர். "இன்னிக்கு எங்க ஏலம்?" என்பார்கள், அப்படியே லாரி கிளம்பும்.

இதைப் பாவமான தொழில் என்று அவள் நினைத்ததில்லை. நடைபாதை நடப்பதற்கு, பூங்கா பிள்ளைகள் விளையாடுவதற்கு. இதில் என்ன பாவம்? அதே சமயம், ஒரு பாயைத் தூக்கும்போது அதன் அடியில் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பு இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இரண்டும் உண்டு. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

நூலகத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு பூங்கா. ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, பாதி உடைந்த நீரூற்று. ரயில் பாதைப் பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள். அங்கே இருந்தவர்கள் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று அந்தப் பக்கம் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். குடிகாரர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவர்கள் விடியுமுன்பே எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் சந்தையில் மூட்டை தூக்குபவர். ஒருத்தி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுபவள். இன்னொருவர் பகல் முழுக்க ஒரு பங்களாவின் கேட்டில் காவல் நிற்பவர். அந்த வீட்டுக்காரர்கள் பாதி வருஷம் வெளியூரிலேயே இருப்பார்களாம்.

எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், பகலில் ஏலத்துக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? அதற்காகத்தான் ஜமீன்தார் இருந்தார்.

மைக் அக்கா முதல்முறை அந்தப் பூங்காவுக்குப் போனபோது, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒல்லியான பெரியவர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் முதல் கூடாரத்தின் முன் நின்று, "யாருது இது? ஒரு தரம்!" என்றாள்.

"என்னுது" என்றார் அவர்.

அடுத்த கூடாரம். "யாருது இது?"

"அதுவும் என்னுதுதான்."

"இந்தச் சைக்கிள்?"

"என்னுது."

"சக்கரமே இல்லையே?"

"அதை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

கயிற்றில் காய்ந்த ஒரு சிவப்புச் சேலையைக் காட்டினாள். "இது?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "என்னுதுதான். விசேஷத்துக்கு மட்டும் கட்டுவேன்."

லாரி ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நீங்க என்ன பெரிய ஜமீன்தாரா? இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் உங்களுதா?"

"ஆமாம்மா. வரி கட்டாத ஜமீன். அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க."

பேச்சு முடிவதற்குள் இருமல் வந்து அவரை மடக்கிப் போட்டுவிட்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கும் நோய். ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வேலை போனதும் வாடகை வீடும் போயிற்று. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்தாள். நாள் முழுக்க நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிறவள் இரவில் தார்ப்பாயின் அடியில் படுத்தாள். ஆனாலும் அவர்கள் கூடாரத்தின் உள்ளே துணிகளை அவள் அடுக்கி வைத்திருந்த அழகைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி அலமாரி தோற்றுப் போகும்.

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று மைக் அக்கா விதியைச் சொன்னாள். "எடுத்துடறேம்மா, இதோ எடுத்துடறேன்" என்றார் ஜமீன்தார், நாற்காலியிலிருந்து அசையாமல். லாரிக்கு அன்று வேறு இடங்களும் இருந்தன. ஒரு மணி நேரம் காத்திருக்க யாரால் முடியும்? கிளம்பிவிட்டார்கள். இதுவே வழக்கமாயிற்று. லாரி வரும், அவள் கூவுவாள், அவர் "என்னுது" என்பார், லாரி திரும்பும். போகப் போக இருவருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது. "வாங்க மைக்கம்மா, இன்னிக்குத் தொண்டை கொஞ்சம் கம்மியா இருக்கே, மிளகு போட்டுப் பால் குடிங்க" என்பார் ஜமீன்தார்.

வீட்டில் இந்த விளையாட்டு எடுபடவில்லை. அவளுடைய மகளும் மருமகனும் பேத்தியும் அவர்களோடுதான் இருந்தார்கள். இரண்டு அறை வீடு, ஐந்து பேர். பேத்திக்கு ஓடியாட இருந்த ஒரே இடம் அந்தப் பூங்கா. ஒருநாள் ஊஞ்சலுக்குக் கீழே கிடந்த உடைந்த பாட்டில் குழந்தையின் பாதத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். அன்று சாயங்காலம் மகள் கொதித்துப் போயிருந்தாள்.

"உன் ஜமீன்தார்கிட்டக் கேளும்மா, அந்தப் பாட்டில் யாருதுன்னு. எல்லாமே அவருதுதானே? இதையும் சொல்லச் சொல்லு."

"அவர் குடிக்கறவர் இல்லடி."

"யார் குடிச்சா என்ன? ரத்தம் வந்தது என் பிள்ளைக்கு. நீ அங்க போயி சிரிச்சிட்டு வர்றே."

மைக் அக்கா பேத்தியின் கால் கட்டைச் சரிசெய்தாள். ஊருக்கெல்லாம் கேட்கும் குரல் வீட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் தணிந்துதான் இருக்கும். மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் மாதிரியே நிறையத் தாய்மார்களும், நூலகத்துக்கு வருகிறவர்களும் நகராட்சிக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். அந்த இடி முழுவதும் பிரிவின் மேற்பார்வையாளர் தலையில் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை. வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை போடும் மனிதர். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல மேலேயும் வாங்குவார், கீழேயும் வாங்குவார். ஒருமுறை வேலி போடவும் ஆள் அனுப்பிப் பார்த்தார். வேலி பாதி ஏறுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கூடாரத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே மனிதர்கள் இருக்கும்போது வேலியை மூடக்கூடாது என்பது சட்டம். வேலி போட வந்தவர்கள் கம்பியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது. அன்று மேற்பார்வையாளரும் லாரியோடு வந்திருந்தார். மைக் அக்கா பூங்கா வாசலில் நின்று சுவரோரம் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

நூலகத்துக் காவலாளி ஓடி வந்து சொன்னார். அதிகாலையில் ஜமீன்தாருக்கு மூச்சு முட்டிப் போயிற்றாம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனதாம், மனைவியும் கூடவே போனாளாம். மற்றவர்கள் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் போனவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"ஆரம்பிங்க, மைக்கம்மா" என்றார் மேற்பார்வையாளர்.

"யாருது இது? ஒரு தரம்!"

ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை நின்றாள்.

"யாருது இது? ரெண்டு தரம்!"

குடோனுக்குப் போன சாமான் யானை வாயில் போன கரும்பு என்பது அவளுக்குத் தெரியும். திரும்ப வாங்க அடையாள அட்டை காட்ட வேண்டும். அட்டை இருப்பதோ மூட்டைக்குள், மூட்டை இருப்பதோ குடோனுக்குள். போர்வை போனால் இன்னொரு போர்வை கிடைக்கும். அட்டை போனால் அந்தச் சலவைக்காரி ஆஸ்பத்திரி வேலைக்கே திண்டாட வேண்டும். கூடாரத்து வாசலில் ஜமீன்தாரின் மூச்சு மருந்து டப்பா கிடந்தது. ஓடிய ஓட்டத்தில் எடுக்க மறந்திருக்கிறார்கள். லாரி ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவது தரத்துக்காக எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"என்னுது" என்றாள் மைக் அக்கா.

டிரைவர் தம்பி காதைத் தேய்த்துக்கொண்டான். "அக்கா, ஏலம் விடறவங்களே எடுக்கக் கூடாதுக்கா."

"விளையாடற நேரமாம்மா இது?" என்றார் மேற்பார்வையாளர்.

"விளையாடல சார். மூணாவது தரத்துக்குள்ள யார் சொன்னாலும் செல்லும்னுதானே இருக்கு? சொல்லிட்டேன். இந்த வரிசை முழுக்க என்னுது."

மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் கூடாரங்களைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ நிதானமாகச் சொன்னார்: "சரிம்மா. உங்களுதுன்னா உங்களுது. ஒரு மணி நேரத்துல எடுத்துடுங்க. நான் இங்கதான் நிப்பேன். வேணும்னா லாரியையே எடுத்துக்குங்க."

என்ன நல்ல மனுஷன் என்று அவளுக்குத் தோன்றியது. சூது வைத்து அவர் அப்படிச் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. வந்த வாய்ப்பை விடக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு.

கூடாரம் கூடாரமாகப் பிரித்து, ஒருவர் சாமான் ஒருவரோடு கலக்காமல் கட்டி, தன் வீட்டுக்கே லாரியைத் திருப்பச் சொன்னாள். போகுமுன் பூங்காச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் தன் வீட்டு விலாசத்தைப் பெரிதாக எழுதி, "சாமான் எல்லாம் இங்கே பத்திரம்" என்று கீழே எழுதினாள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழேயும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. மேல் வீட்டு அம்மா படியில் இறங்க முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பூங்காவுல இருந்ததை வாசல்லயே கொண்டாந்து போட்டுட்டியா?"

"ஒரு சாயங்காலம்தான்டி. வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"இதுல மூட்டைப்பூச்சி இருந்தா?"

"இருந்தா நானே பொறுக்கறேன், போ."

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்தார்கள். மூட்டை தூக்குபவர் வந்தார், பாத்திரம் கழுவுகிறவள் வந்தாள், பங்களாக் காவலர் சீருடையோடு வந்தார். தன்னுடையதைத் தவிர வேறு ஒரு கயிற்றுத் துண்டைக்கூட யாரும் தொடவில்லை. பேத்தி தத்தித் தத்திப் போய்ச் சக்கரமில்லாத சைக்கிளின் மணியை அடித்து விளையாடினாள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்ததும் அவள்தான். மைக் அக்காவுக்கு உள்ளே ஒரே குளிர்ச்சி. வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். புருஷனிடம் இரண்டு தடவை சொல்லவும் செய்தாள்.

கடைசியாகச் சலவைக்காரி வந்தாள். மூச்சு மருந்து டப்பாவை முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் பிழைத்ததே பெரிய காரியம் என்றாள், நாலு நாளாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றாள். பிறகு படியில் உட்கார்ந்து, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் பேசினாள்.

"அக்கா, பூங்கா வழியாத்தான் வந்தேன். வேலி போட்டு மூடிட்டாங்க. பூட்டும் போட்டாச்சு."

"இன்னிக்கேவா? அதெப்படி? சாயங்காலத்துக்குள்ள முடிக்க முடியாதே. நீங்கல்லாம் வந்து உக்காந்திருந்தா..."

"யாரு அங்க உக்காந்தோம்? எல்லாரும் இங்கதானே வந்தோம்."

மைக் அக்காவுக்கு முதலில் புரியவில்லை. சலவைக்காரி ஒரு விரிப்பை மடித்துக்கொண்டே விளக்கினாள். சாமான் குடோனுக்குப் போயிருந்தால் சாயங்காலம் யாரும் அதைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். குடோன் ஐந்து மணிக்கே பூட்டிவிடும். வெறுந்தரையிலானாலும் பூங்காவிலேயே படுத்திருப்பார்கள். ஆள் உள்ளே இருந்தால் வேலி நின்றிருக்கும். இப்போது சாமான் பத்திரமாக ஒரு வீட்டில் இருக்கிறது என்றதும் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பூங்காவில் வேலிக் கம்பியை முழுக்கச் சுற்றிவிட்டார்கள்.

"உங்க மேல தப்பில்லக்கா. நல்ல மனசோடதான் செஞ்சீங்க. எல்லாச் சாமானும் இருக்கு. எங்க கொண்டு போய் வைக்கறதுன்னுதான் தெரியல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மைக் அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டியபோது எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. "இத்தனை நாளா முடியாததை மைக்கம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. அதுதான் சுட்டது.

கூடாரத்துக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். சிலர் பாலத்தடிக்கு, சிலர் சந்தைக்குப் பின்னால். இனி அங்கேயும் லாரி போகும். பூங்காவைப் பூட்டியவர்கள் அழகுபடுத்தப் போகிறோம் என்று பலகை வைத்தார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆசையாகப் போன மகள் கம்பிக்கு வெளியே நின்று ஊஞ்சலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நமக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. இதுக்காம்மா இவ்வளவு சண்டை போட்டோம்?" என்றாள். மைக் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

ஜமீன்தாரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாள் வந்தது. ஈரத்தரையில் படுக்கக்கூடாது, காற்றோட்டமான கூரை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தமுறை வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவுக் காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே ஆணுக்குத் தனி இடம், பெண்ணுக்குத் தனி இடம். விடிந்ததும் வெளியேறிவிட வேண்டும். அதற்கும் வரிசை வாசல் தாண்டி நின்றது. இருமுகிற ஆளைத் தனியாக விட்டுச் சலவைக்காரி எப்படி இருப்பாள்?

விஷயத்தைக் கேட்ட மகள் முன் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "வேற வழியே இல்லன்னா இங்க கூட்டிட்டு வாம்மா. முன்ரூம்ல படுக்கட்டும். நான் பாப்பாவை உள்ளே போட்டுக்கறேன்" என்றாள். மைக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தாள். வந்தால் தன் மனம் ஆறும், அது நிச்சயம். ஆனால் பாலத்தடியில் கிடக்கும் பாத்திரம் கழுவுகிறவளுக்கு எந்த ரூம்? காவலருக்கு எந்த ரூம்? ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததில் என்ன ஆயிற்று என்பதுதான் கண் முன்னால் நின்றதே! தனி ஒருத்தி ஏற்றுக்கொண்டதும், மற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள்.

"வேண்டாம்டி. வேற இடம் இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு லாரியோடு வந்த டிரைவர் தம்பியிடம் குடோனுக்குப் போகச் சொன்னாள். ஜமீன்தார் மனைவியோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். "இந்த லாரி என்னையும் ஒருநாள் தூக்கிட்டுப் போகும்னு தெரியும்மா. ஆனா முன்சீட் குடுப்பீங்கன்னு நினைக்கல" என்றார். சிரித்தார், இருமினார்.

அந்தக் குடோனை நீங்கள் பார்க்க வேண்டும். ஒழுகாத கூரை, சிமெண்டுத் தரை, உயரத்தில் சன்னல்கள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாள் முழுக்கச் சுற்றும் மின்விசிறிகள். பின்பக்கம் குழாயும் கக்கூஸும். வாசலில் காவல். மடித்த தார்ப்பாய்களும் பாய்களும் அலமாரிகளில் ஈரம் படாமல் படுத்திருந்தன. பாதிக்குமேல் இடம் காலி. சலவைக்காரி உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். "எங்க மாதிரி ஆளுங்க பாயெல்லாம் இவ்வளவு சொகுசாவா இருக்கு?" என்றாள்.

மைக் அக்கா காலியாக இருந்த மூலையில் ஒரு பாயை விரித்து ஜமீன்தாரைப் படுக்க வைத்தாள். காவலாளி பதறிப் போய் போன் போட்டார். மேற்பார்வையாளர் மாத்திரை போட்ட கையோடு வந்து சேர்ந்தார், காவலாளியிடமிருந்து பூட்டையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா இது? இது சாமான் வைக்கற இடம். ஆளுங்களை வைக்க எனக்கு அனுமதி கிடையாது."

"சாமான் நனையக் கூடாதுன்னு கோர்ட் சொல்லுச்சுன்னுதானே சார் இதைக் கட்டினோம்?"

"ஆமா. அது சாமானைப் பத்தி. இவரு யாரு உங்களுக்கு? சொந்தமா? சொந்தம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அன்னிக்கு மாதிரி லாரி தரேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவுவதாக நினைத்துச் சொன்னார். ஜமீன்தார் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "விடுங்க மைக்கம்மா. உங்க வேலைக்கு வம்பு வந்துடப் போகுது. நான் பாலத்தடிக்கே போயிக்கறேன்." சலவைக்காரி புருஷனின் தோளில் கையை வைத்து அழுத்தி, எழவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

மைக் அக்காவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இரண்டாவது தடவையாகத் தொண்டையால் வந்த பிழைப்பை இழக்க அவளுக்கு ஆசையா என்ன? இருந்தாலும் சொன்னாள். கூவவில்லை, வீட்டில் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"எனக்குச் சொந்தம்னு சொல்ல மாட்டேன் சார். அன்னிக்கு அப்படிச் சொல்லித்தான் கெடுத்தேன். இவரு நம்ம ஆளு."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்மன்னா? என்னையும் சேர்த்துச் சொல்றீங்களா?"

"உங்களை விட்டுட்டுச் சொல்லணும்னா 'எங்க ஆளு'ன்னு சொல்லியிருப்பேனே சார். 'நம்ம'ன்னுதானே சொன்னேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் தம்பி தரையைப் பார்த்தான். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது, நாளைக்கு எத்தனை பேர் வந்து வாசலில் நிற்பார்கள், பேப்பரில் போட்டால் என்ன ஆகும் என்ற எல்லாக் கவலையும் மேற்பார்வையாளரின் முகத்தில் வரிசையாக வந்து போயிற்று. அவர் ஜமீன்தாரைப் பார்த்தார். பூட்டையும் சாவியையும் காவலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல்வரை நடந்தவர், அங்கே நின்று திரும்பினார்.

"பின்பக்கக் கக்கூஸ்ல பல்பு எரியாது" என்றார். "நாளைக்கு மாத்தச் சொல்றேன். இன்னிக்குப் பாத்துப் போகச் சொல்லுங்க."